படத்தை அழித்த பிறகும் கணினியில் தங்கும் சிறுபடங்கள்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். விண்டோஸ் 10 உள்ள மடிக்கணினியை விற்கப்போகிறீர்கள். குடும்பப் படங்களை எல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, கணினியில் இருந்தவற்றை அழித்துவிட்டீர்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றிப் பார்த்தபோது, வெளி டிஸ்க்கின் பழைய ஃபோல்டர்களில் தம்ப்ஸ்.டிபி (Thumbs.db) என்ற கோப்பு கண்ணில் பட்டது. வீட்டு ரூட்டரில் செருகி எல்லோரும் பயன்படுத்தும் பொது டிஸ்க்கிலும் அதே பெயர். அங்கே அழித்தால் மறுநாள் திரும்பி வருகிறது. இது வைரஸா, அழித்தால் எதுவும் கெடுமா என்பவை நீங்கள் எழுதிய இரண்டு கேள்விகள். அழித்த படங்கள் இதற்குள் இருக்குமா, கணினியை வாங்குபவர் பார்த்துவிடுவாரா என்பதே கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். கணினி பழுதுபார்ப்பிலும் அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் வேலையிலும் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் மூன்றாவதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன். முதல் இரண்டுக்கும் விடை எளிது: வைரஸ் இல்லை; அழித்தால் எதுவும் கெடாது.

இப்படி ஒரு கோப்பு எதற்கு என்று முதலில் பார்த்துவிடுவோம். இன்றைய கேமராவில் எடுத்த ஒரு படம் எட்டு, பத்து மெகாபைட் இருக்கும். ஐந்நூறு படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து அவற்றைச் சிறிய கட்டங்களாகக் காட்ட வேண்டுமானால், கணினி ஒவ்வொன்றையும் படித்து, விரித்து, சுருக்கி வரைய வேண்டும். அதாவது நாலைந்து ஜிகாபைட் வேலை. ஒவ்வொரு முறை ஃபோல்டரைத் திறக்கும்போதும் இதைச் செய்தால் யாரும் அந்தக் கணினியைப் பயன்படுத்த மாட்டார்கள். எனவே முதல் தடவை வரைந்ததை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த தடவை அதையே எடுத்துக் காட்டுகிறது. சில கிலோபைட் அளவுள்ள அந்தச் சிறுபடங்களின் சேமிப்பைத்தான் தம்ப்னெயில் கேஷ் என்கிறோம். வீடியோக்களுக்கும் பல கணினிகளில் பிடிஎஃப் கோப்புகளுக்கும்கூட இதே ஏற்பாடுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தச் சேமிப்பு அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. படங்கள் உள்ள ஃபோல்டரைச் சிறுபடக் காட்சியில் திறந்த உடனே அங்கே ஒரு தம்ப்ஸ்.டிபி முளைக்கும். மறைந்த கோப்பு, கணினிக்குரிய கோப்பு என்ற இரண்டு அடையாளங்களும் அதற்கு உண்டு என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதற்குள் 96 பிக்சல் அளவுக்குள் அடங்கும் சிறுபடங்களும், ஒவ்வொன்றும் எந்தக் கோப்பினுடையது, அந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற பட்டியலும் இருக்கும். ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் இதுவும் கூடவே போய்விடும். உங்கள் வெளி டிஸ்க்கில் இருப்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். அவற்றின் தேதியைப் பாருங்கள். 2003, 2005 என்று இருந்தால், வீட்டில் அப்போது இருந்த எக்ஸ்பி கணினி விட்டுச்சென்றவை. இந்த மடிக்கணினிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸ் பதிப்பாக 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டா இந்த முறையை மாற்றியது. ஃபோல்டருக்கு ஒன்று என்ற நிலை போய், ஒவ்வொரு பயனருக்கும் ஒரே இடத்தில் எல்லாச் சிறுபடங்களும் சேர்ந்தன. பயனரின் பெயருள்ள ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், பிறகு மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எக்ஸ்புளோரர் என்று இறங்கினால் தம்ப்கேஷ் என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக நிற்கும். பெயரில் 96, 256, 1280 என்று வரும் எண்கள் சிறுபடத்தின் அளவுகள். விண்டோஸ் 10இல் 16 பிக்சலில் தொடங்கி 2560 வரை தனித்தனிக் கோப்புகள் உண்டு. பல கணினிகளில் பெரிய அளவுகளுக்கான கோப்புகள் ஏறக்குறைய காலியாகவே இருக்கும். 96, 256 இரண்டும்தான் கனக்கும்.

விற்பதற்கு முன் நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த மையச் சேமிப்பைத்தான். உங்கள் கண்ணில் பட்ட தம்ப்ஸ்.டிபி கோப்புகள் வெளி டிஸ்க்கிலும் பொது டிஸ்க்கிலும் உங்கள் வீட்டிலேயே இருக்கப்போகின்றன. கண்ணில் படாத தம்ப்கேஷ் கோப்புகள் மடிக்கணினியோடு சேர்ந்து வீட்டை விட்டுப் போகப்போகின்றன.

அவற்றுக்குள் என்ன இருக்கும்? உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். ஒரு படத்தை அழித்தால் அதன் சிறுபடமும் சேர்ந்து அழியும் என்று நம்பக்கூடாது. படம் வேறு, சிறுபடம் வேறு. இரண்டும் தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன. சிறுபடத்தைத் தேடி எடுக்கக் கணினி ஓர் அடையாள எண்ணைப் பயன்படுத்துகிறது. அந்த எண்ணைக் கணக்கிடுவதில் படக்கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் சேர்கிறது. எனவே படத்தைத் திருத்திச் சேமித்தால் புதிய எண்ணில் புதிய சிறுபடம் உருவாகும். பழையது கேட்பாரற்று அதே கோப்பில் கிடக்கும். அழித்த படத்துக்கும் இதே கதிதான். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் கேஷ் அசையாது.

இதைவிடப் பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி, பென் டிரைவில் இருந்த படங்களின் சிறுபடங்களும் கணினியிலேயே தங்குவது. பென் டிரைவைச் செருகி, ஃபோல்டரைத் திறந்து, இரண்டு படங்களை மட்டும் அச்செடுக்கக் கொடுத்துவிட்டுக் கழற்றிக்கொண்டு வருகிறோம். கடைக்காரர் எதையும் நகலெடுக்கவில்லை. ஆனால் அந்த ஃபோல்டரில் திரையில் தெரிந்த மற்ற படங்களின் சிறு வடிவங்கள் அவருடைய கணினியின் தம்ப்கேஷில் ஏறியிருக்கும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய படங்களை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். கடவுச்சொல் போட்டு மறைகுறியாக்கிய டிஸ்க்குகளுக்கும் இந்த ஓட்டை உண்டு. பூட்டைத் திறந்து படங்களைப் பார்க்கும்போது உருவாகும் சிறுபடங்கள் பூட்டுக்கு வெளியே, பயனரின் ஃபோல்டரில் போய்ச் சேர்கின்றன. மேக் கணினிகளில் கோப்பைத் திறக்காமலே முன்னோட்டம் காட்டும் குவிக்லுக் வசதியிலும் இதே குறை இருப்பதை 2018 ஜூனில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். தம்ப்கேஷில் சிறுபடத்துக்குப் பக்கத்தில் கோப்பின் பெயரோ எடுத்த தேதியோ இருப்பதில்லை. அடையாள எண் மட்டும்தான். விண்டோஸின் தேடல் வசதி வைத்திருக்கும் தரவுத்தளத்தில் அந்த எண் பதிவாகியிருந்தால் எந்த ஃபோல்டரில் எந்தப் பெயரில் இருந்தது என்று கண்டுபிடிக்கலாம். பதிவாகாவிட்டால் வெறும் படம் மட்டும் மிஞ்சும். அதனால் ஒரு சிறுபடம் இருக்கிறது என்றால், அந்தப் பயனர் கணக்கில் என்றோ ஒருநாள் அந்தப் படம் உள்ள ஃபோல்டர் திறக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லலாமே தவிர, யார் திறந்தார், எப்போது திறந்தார், குறிப்பிட்ட அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தாரா என்பதையெல்லாம் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கணவன் மனைவி சண்டையில் "இந்தப் படம் இவருடைய கணினியில் இருந்தது" என்று இப்படியொரு சிறுபடத்தை எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. தடயவியல் படித்தவர்கள்கூட அதோடு வேறு பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாய் திறப்பார்கள். ஒருவர் ஒரு ஃபோல்டரைத் திறந்து கீழே வேகமாக உருட்டிக்கொண்டே போனாலும் சிறுபடங்கள் உருவாகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மீட்பு வேலையில் எனக்கு இந்தக் கேஷ் ஆறுதல் பரிசு மாதிரி. ஹார்ட் டிஸ்க் கெட்டு, திருமணப் படங்கள் அத்தனையும் போய், வேறு நகலும் இல்லாமல் வருபவர்களுக்குச் சில நேரம் 256 பிக்சல் சிறுபடங்கள் கிடைக்கும். முகம் தெரியும். கைபேசித் திரையில் பார்த்துக்கொள்ளலாம். ஆல்பம் போட முடியாது. எந்த மென்பொருளாலும் அதை முழுப்படமாகப் பெருக்க முடியாது. தம்ப்கேஷ் வியூவர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். நீங்களும் உங்கள் கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் எவ்வளவு எழுதினாலும் வராத தெளிவு அதில் வந்துவிடும்.

வைரஸ் பற்றி ஒரு சிறு திருத்தம் சேர்க்க வேண்டும். தம்ப்ஸ்.டிபி தானாக ஓடக்கூடிய கோப்பு இல்லை. படங்களின் கிடங்கு மட்டுமே. ஆனால் சிறுபடம் வரையும் வேலையில் பிழை இருந்து, அது தாக்குதலுக்கு வழிவிட்டதுண்டு. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு பிழையை அடைத்தது. கேடு விளைவிக்கும்படி அமைக்கப்பட்ட சிறுபடம் உள்ள ஒரு கோப்பைத் திறக்கவே வேண்டாம், அது இருக்கும் ஃபோல்டரைப் பார்த்தாலே போதும் என்ற நிலை எக்ஸ்பி, விஸ்டா இரண்டிலும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கேடு நிரலும் குறுக்குவழிக் கோப்புகளின் ஐகானைக் காட்டும் வேலையில் இருந்த பிழை வழியாகத்தான் பென் டிரைவிலிருந்து கணினிக்குள் நுழைந்தது. இந்த இரண்டிலும் குற்றவாளி, வரைகின்ற நிரல். சேமித்து வைத்த கேஷ் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கோப்பு நீட்டிப்புகளை, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, காட்டும்படி அமைப்பை மாற்றுங்கள். தம்ப்ஸ்.டிபி என்ற பெயருக்குப் பின்னால் இன்னொரு புள்ளியும், ஓடக்கூடிய நிரலைக் குறிக்கும் இஎக்ஸ்இ என்ற முடிவும் தெரிந்தால் அது சிறுபடச் சேமிப்பு இல்லை. தொடாமல் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

இடம் மிச்சமாகும் என்பதற்காக இதை அழிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. நிறையப் படங்கள் வைத்திருப்பவருக்கும் தம்ப்கேஷ் சில நூறு மெகாபைட்டுகள்தான் போகும். அழித்தால் அடுத்த முறை ஃபோல்டர் திறக்கும்போது கணினி மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி வரையும். ஒரு வாரத்தில் அதே அளவு திரும்பி வந்துவிடும். கணினியை வேகமாக்குகிறோம் என்று விற்கப்படும் துப்புரவு மென்பொருள்கள் "இத்தனை மெகாபைட் குப்பை" என்று சிவப்பு எழுத்தில் காட்டுவதில் ஒரு பங்கு இதுதான். சிறுபடங்கள் தவறாகத் தெரிந்தாலோ, வேறு படத்தின் முகம் காட்டினாலோ அழிப்பதற்கு நியாயம் உண்டு. அந்தரங்கத்துக்காக அழிப்பதற்கும் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு அழிப்பது மட்டும் போதாது.

கேஷை நீக்கும் முறை எளிது. டிஸ்க் கிளீனப் என்பதைத் திறந்து, சி டிரைவைத் தேர்ந்து, பட்டியலில் தம்ப்னெயில்ஸ் என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்து சரி என்று அழுத்தினால் முடிந்தது. தம்ப்கேஷ் கோப்புகளை நேரடியாகத் தேர்ந்து அழிக்கப் பார்த்தால் பாதி நேரம் "பயன்பாட்டில் உள்ளது" என்று மறுக்கும். ஃபோல்டர்களைக் காட்டும் நிரலான எக்ஸ்புளோரர் அவற்றைத் திறந்தே வைத்திருப்பதால்தான். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகள் இருந்தால் ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாக நீக்க வேண்டும். சொந்தக் கணக்கைத் துடைத்துவிட்டு, வீட்டில் வேறொருவர் பெயரில் இருக்கும் கணக்கை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது.

ஆனால் விற்பதற்கு இது போதாது என்றேன் அல்லவா? கோப்பை நீக்கினால் அதன் இடம் காலி என்று கணினி குறித்துக்கொள்கிறதே தவிர, எழுதியிருந்ததை அழிப்பதில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்பு மென்பொருளால் எடுத்துவிட முடியும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் டிரிம் என்ற ஏற்பாடு காலியான இடங்களைப் பெரும்பாலும் விரைவிலேயே துடைத்துவிடுகிறது. உங்கள் கணினியில் அது சரியாக இயங்குகிறதா என்பதை நேரில் பார்க்காமல் நான் உறுதி கொடுக்க முடியாது. எனவே கேஷை மட்டும் தேடிப் பிடித்துத் துடைப்பதை விட்டுவிட்டு, கணினியை முழுவதும் மீளமைத்து விடுங்கள். விண்டோஸ் 10 அமைப்புகளில் ரீசெட் திஸ் பிசி என்பதைத் தேர்ந்து, கோப்புகளை வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் நீக்கும் வழியில் போனால், நடுவில் சேஞ்ச் செட்டிங்ஸ் என்று ஓர் இணைப்பு வரும். அதற்குள் கிளீன் டேட்டா என்பதை இயக்க வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் நடப்பது வெறும் நீக்கம்தான். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் சில மணி நேரம் எடுக்கும், சார்ஜரைச் செருகியே வையுங்கள். கணினியில் சி தவிர டி, ஈ என்று பிரித்து வைத்திருந்தால் எல்லா டிரைவ்களையும் சேர்க்கச் சொல்லும் தேர்வும் அங்கேயே இருக்கும்.

படத்தின் உள்ளேயே ஒரு சிறுபடம் ஒளிந்திருப்பதும் உண்டு. கேமராக்கள் ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியில், எடுத்த தேதி, கேமரா போன்ற எக்ஸிஃப் தகவல்களோடு, பெரும்பாலும் 160க்கு 120 பிக்சலில் ஒரு சிறுபடத்தையும் பதிக்கின்றன. ஓரத்தில் நின்றவரை வெட்டிவிட்டுச் சேமித்த படத்தில், பழைய திருத்தும் மென்பொருள்கள் சில இந்த உட்பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டன. வெளியில் வெட்டிய படம், உள்ளே வெட்டாத படம். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் இதைச் சரியாகச் செய்கின்றன. இருந்தாலும், யாராவது பார்க்கவே கூடாத பகுதியை வெட்டி அனுப்புவதாக இருந்தால், கோப்பின் பண்புகளில் போய்ச் சொந்தத் தகவல்களை நீக்கிய ஒரு புதிய நகலை உருவாக்கி அனுப்புவதே மேல்.

கைபேசியிலும் இருக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆண்ட்ராய்டில் கேமரா படங்கள் சேரும் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் தம்ப்னெயில்ஸ் என்ற மறைந்த ஃபோல்டர் இருந்தது. புதிய பதிப்புகளில் பிக்சர்ஸ், மூவிஸ் ஃபோல்டர்களுக்குள்ளும் அதே பெயரில் உண்டு. பழைய கைபேசிகள் சிலவற்றில் தம்ப்டேட்டா என்ற ஒற்றைக் கோப்பு ஜிகாபைட் கணக்கில் ஊதிப்போய், 16 ஜிபி கைபேசியை முடக்கிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மட்டும் இடத்துக்காக அழிப்பது நியாயமான வேலை. லினக்ஸில் பயனரின் ஃபோல்டருக்குள் கேஷ், அதற்குள் தம்ப்னெயில்ஸ் என்ற இடத்தில் பிஎன்ஜி படங்களாகவே இருக்கும். மூலப்படம் எங்கே இருந்தது என்ற முழு முகவரியும் ஒவ்வொன்றின் உள்ளேயும் எழுதியிருக்கும் என்பதால், அந்தரங்கம் என்ற கணக்கில் அது விண்டோஸைவிட வெளிப்படையானது. மேக்கில் பென் டிரைவ்தோறும் காணப்படும் டிஎஸ் ஸ்டோர் என்ற கோப்பைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் ஐகான்களின் இடமும் ஃபோல்டரின் காட்சி அமைப்பும்தான் இருக்கும், சிறுபடங்கள் இல்லை.

மிச்சம் இருப்பது பொது டிஸ்க்கில் அழித்தாலும் திரும்பி வரும் தம்ப்ஸ்.டிபி. விஸ்டாவுக்குப் பிறகு உள்ளூர் டிஸ்க்குகளில் இந்தக் கோப்பு உருவாவது நின்றுபோனாலும், நெட்வொர்க் வழியாகத் திறக்கும் ஃபோல்டர்களில், எழுதும் அனுமதி இருந்தால், விண்டோஸ் இன்னும் பழைய வழக்கப்படியே அதை உருவாக்குகிறது. வீட்டில் யாராவது ஒருவர் தன் கணினியிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறந்தாலே மறுபடி வந்துவிடும். ஃபோல்டரை அழிக்கவோ பெயர் மாற்றவோ போகும்போது "வேறு நிரலில் திறந்திருக்கிறது" என்று மறுப்பதும் பெரும்பாலும் இந்தக் கோப்பால்தான்; ஃபோல்டரைப் பட்டியல் காட்சிக்கு மாற்றிவிட்டு, வெளியே வந்து, ஒரு நிமிடம் கழித்து முயன்றால் வழிவிடும். விண்டோஸ் புரோ பதிப்பு என்றால், கணினியின் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி என்ற கருவியில் பயனர் அமைப்புகளுக்குள், ஃபைல் எக்ஸ்புளோரர் பகுதியில், மறைந்த தம்ப்ஸ்.டிபி கோப்புகளில் சிறுபடங்களைச் சேமிப்பதை நிறுத்தும் விதி ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு கணினியிலும் இயக்க வேண்டும். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி இல்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் மாற்ற வேண்டும். அதைச் செய்து பழக்கமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் வெளி டிஸ்க்கில் இருக்கும் பழையவற்றை, தேடல் பெட்டியில் தம்ப்ஸ்.டிபி என்று ஆங்கிலத்தில் தட்டி, வந்ததை எல்லாம் தேர்ந்து ஒரே மூச்சில் அழித்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு தடவை அவற்றைத் தம்ப்ஸ் வியூவரில் திறந்து பாருங்கள். 2005இல் எப்போதோ தொலைந்துபோன படம் ஏதாவது 96 பிக்சலில் அங்கே இருக்கலாம்.